ஒரு பாயிண்டரும் எட்டாவது மாடியும்

ஜூன் 3, செவ்வாய்

வெறும் வயிற்றில் 148. சாப்பிட்ட பின் 211.

டாக்டர் கொடுத்த நோட்டு இது. தேதி, சர்க்கரை, சாப்பாடு, நடை என்று நான்கு கட்டங்கள் போட்டிருக்கிறது. "மனசுல ஓடுறதையும் எழுதுங்க, டென்ஷன் இருந்தா சுகர் ஏறும்" என்றார். கட்டமோ ஒரு விரற்கடை அகலம்தான். என் மனசு அதில் அடங்குமா என்று கேட்க நினைத்தேன், வெளியே பதினாறு பேர் காத்திருந்தார்கள். அதனால் கட்டத்தைத் தாண்டி எழுதுகிறேன்.

குணசீலன், வயது நாற்பத்து நான்கு. கணபதியில் லிப்ட்டுக்கான கண்ட்ரோல் போர்டு செய்யும் கம்பெனி ஒன்றில் பதினேழு வருடமாகப் புரோகிராம் எழுதுகிறேன். எல்லாம் சி மொழிதான். லிப்ட் எந்த மாடியில் நிற்க வேண்டும், எவ்வளவு மெதுவாக நிற்க வேண்டும், கதவு எப்போது திறக்க வேண்டும் என்பதெல்லாம் நான் எழுதியது. நான் குடியிருக்கும் பத்து மாடி அப்பார்ட்மெண்ட் லிப்ட்டிலும் எங்கள் போர்டுதான். அதனால் லிப்ட்டில் மின்விசிறி சத்தம் போட்டால்கூட ஆறாவது மாடிக்கு வந்து என் வீட்டு மணியை அடிப்பார்கள்.

இன்று அடித்தது எட்டாவது மாடி ருக்மணி அக்கா. பிளவுஸ் தைப்பவர். "ஏனுங் குணசீலன், எட்டுல நிக்கிறப்ப லிப்ட்டு ஒரு விரக்கட கீழ நிக்குதுங்க. காலு தட்டுது." போய் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டு மில்லிமீட்டர். கயிறு நீண்டிருக்கும், மெக்கானிக்கை வரச் சொல்கிறேன் என்றேன்.

சனிக்கிழமைதான் இந்த லிப்ட்டில் புதுப் புரோகிராம் ஏற்றினேன். எந்த மாடியில் எத்தனை முறை லிப்ட் நின்றது என்று எண்ணிக்கொண்டே வரும், பயணக் கணக்கு என்று பெயர். வாடிக்கையாளர்கள் ரொம்ப நாளாகக் கேட்டது. முதலாளி ரங்கராஜ் சார், "இந்தத் தடவ நீயே எழுது" என்றார். முதலில் நம் கட்டடத்திலேயே ஓட்டிப் பார்ப்போம் என்று நான்தான் சொன்னேன். அதற்கும் கயிறு நீள்வதற்கும் சம்பந்தமில்லை.

பெங்களூர் கம்பெனி ஒன்றிலிருந்து மெயில். ஷம்ஷாத்தை வேலைக்கு எடுக்கப் போகிறார்களாம். நான்கு வருடம் என் கீழ் வேலை பார்த்த பெண். அவள் எப்படி வேலை செய்தாள், ஏன் போனாள் என்று நான் ஒரு படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும். 13ஆம் தேதி கடைசி. இன்னும் திறக்கவில்லை.

நடை: படியில் ஆறு மாடி.

ஜூன் 4, புதன்

145. பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. மகள் இயலினியின் பதினான்கு நோட்டுக்கும் பிரவுன் அட்டை போட்டேன். லேபிளைக் கோணலாக ஒட்டிவிட்டேன் என்று அழுதாள். ஏழாம் வகுப்புக்கு இவ்வளவு ரோஷம்.

வளர்மதி கேட்டாள்: "ஏனுங்க, லிப்ட்டு இருக்கறப்ப எதுக்கு நாலு நாளா படியேறுறீங்க?"

"டாக்டர் சொன்னாரு."

"டாக்டர் பார்க்குல நடக்கத்தான சொன்னாரு?"

மனைவிக்கு இவ்வளவு ஞாபகசக்தி ஆகாது.

ஜூன் 6, வெள்ளி

139. எட்டாவது மாடியில் இன்று இருபத்து நான்கு மில்லிமீட்டர்.

மெக்கானிக் தங்கவேலு வந்து கயிற்றைப் பார்த்தார், பிரேக்கைப் பார்த்தார், வோல்டேஜையும் பார்த்தார். நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல மனிதர் பொறுமையாகப் பார்த்தார். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு, "சார், ரோப்பு நீண்டா எல்லா மாடியிலயும் தெரியோணும். ஏழு வரைக்கும் கச்சிதமா நிக்குது, எட்டுலதான் இந்தக் கூத்து. அதும் தினம் நாலு மில்லி, ஸ்கேல் வெச்ச மாதிரி. ரோப்புக்கு இத்தன கணக்கு தெரியாதுங்" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பதினேழு வருடம் இதே வேலை, எனக்கே பாடமா என்று தோன்றியது. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

இரண்டு வருடம் முன்பு அவினாசி ரோட்டில் ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்திலும் இதே மாதிரி வந்தது. அப்போது பயணக் கணக்கை எழுதியவள் ஷம்ஷாத். மேல் மாடிகளில் லிப்ட் நாளுக்கு நாள் இறங்கி நின்றது. அவள் எழுதியதை எடுத்தோம், சரியாகிவிட்டது. "போட்டதுக்கு அப்புறம் வந்துச்சு, எடுத்ததும் போயிருச்சு. இதுக்கு மேல என்ன சாட்சி?" என்றார் ரங்கராஜ் சார். ஷம்ஷாத், "சார், என் கோட்ல தப்பு இல்ல. ஒரு வாரம் டைம் குடுங்க, காட்டுறேன்" என்றாள். தரவில்லை. அவளாகவே ராஜினாமா எழுதிக்கொடுத்ததாக முடித்தார்கள்.

அந்த அறையில் நானும் இருந்தேன். மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு பழைய காலண்டர் இருக்கும். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 7, சனி

பக்ரீத். வெறும் வயிற்றில் 160. ராத்திரி கூடுதலாக ஒன்றும் தின்னவில்லை, ஏன் ஏறியது என்று தெரியவில்லை.

ஷம்ஷாத் எங்களோடு இருந்த நான்கு வருடமும் பக்ரீத்துக்கு மறுநாள் ஒரு பெரிய தூக்குவாளியில் பிரியாணி வரும். எனக்குத் தனி டப்பா. "சாருக்குக் காரம் கம்மி" என்று மூடி மேல் எழுதியிருப்பாள்.

இன்று வாழ்த்து அனுப்பலாம் என்று போனை எடுத்தேன். தட்டினேன், அழித்தேன். இரண்டு வருடமாக ஒரு வார்த்தை பேசாதவன் இன்று வாழ்த்து சொன்னால் என்ன நினைப்பாள்? படிவத்துக்காக என்று நினைத்தால்? மூன்றாவது தடவையும் அழித்துவிட்டு, தண்ணீர் கேன் வாங்கப் போனேன். படியில்தான். இருபது லிட்டர் கேனோடு நான்காவது மாடியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஜூன் 9, திங்கள்

ருக்மணி அக்கா விழுந்துவிட்டார்.

காலை பத்து மணி. கையில் துணிப்பை. எட்டாவது மாடியில் கதவு திறந்ததும் காலை எடுத்து வைத்திருக்கிறார், முன்கால் தரை விளிம்பில் இடித்து அப்படியே குப்புற விழுந்திருக்கிறார். வலது மணிக்கட்டு எலும்பு முறிவு. மாவுக்கட்டு ஆறு வாரம்.

முப்பத்து ஆறு மில்லிமீட்டர். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் நாற்பது. அதற்கு மேல் போகாது, நாற்பதில் ஒரு வரம்பு எழுதி வைத்திருக்கிறேன். இதைப் பெருமையாக எழுத ஆரம்பித்தேன். பேனா நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமையே லிப்ட்டை நிறுத்தியிருக்க வேண்டும். எனக்குத் தெரிந்தே இருந்தது. நிறுத்தவில்லை.

ரங்கராஜ் சாருக்குப் போன் செய்தேன். "கணக்க எடுத்துரு, சரியாயிரும். போன தடவையும் அப்படித்தான ஆச்சு?" என்றார். எடுத்தேன். பழைய புரோகிராமை ஏற்றினேன். எட்டாவது மாடியில் லிப்ட் தரையோடு ஒட்டி நின்றது.

"பாத்தியா, அவ்ளோதான்" என்றார்.

அவ்வளவுதான். போன தடவை கணக்கை எழுதியவளை வீட்டுக்கு அனுப்பினோம். இந்தத் தடவை எழுதியவன் நான். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

155. ஆபீசில் கதவைச் சாத்திக்கொண்டேன்.

வரி 212. ஒன்பது வருடம் முன்பு நான் எழுதியது. ~~இன்று கண்டுபிடித்தேன்.~~ கண்டுபிடித்தேன் என்று எழுதிவிட்டு அடித்திருக்கிறேன். எழுத்து தெரிகிறது, இருக்கட்டும்.

வளர்மதி எப்போதாவது இதைப் படித்தால் புரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

எங்கள் அப்பார்ட்மெண்டில் கீழே வரிசையாகத் தபால்பெட்டிகள் இருக்கின்றன அல்லவா? கம்ப்யூட்டரின் நினைவகமும் அப்படித்தான். ஒவ்வொரு மாடிக்கும் லிப்ட் எத்தனை மில்லிமீட்டர் ஏற்றியோ இறக்கியோ நிற்க வேண்டும் என்று ஒரு சின்னத் திருத்தம் உண்டு. எங்கள் போர்டு தாங்குவது பதினாறு மாடி, அதனால் பதினாறு பெட்டி. பாயிண்டர் என்பது அதில் ஒரு பெட்டியைத் தொட்டுக்கொண்டிருக்கும் விரல். 'மூன்று தள்ளிப் போ' என்றால் விரல் மூன்று பெட்டி தள்ளிப் போகும். பெட்டியின் அகலம் என்ன என்பது சி மொழிக்கே தெரியும், நாம் சொல்ல வேண்டியதில்லை.

என் பெட்டி ஒவ்வொன்றும் இரண்டு பைட் அகலம். முதலில் ஒரு பைட்டாகத்தான் இருந்தது, பிறகு நான்தான் அகலமாக்கினேன். அகலமாக்கியபோது, விரல் இனி இரண்டு இரண்டாக நகர வேண்டுமே என்று மாடி எண்ணை இரண்டால் பெருக்கி எழுதினேன். சி ஏற்கெனவே அகலத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அதன் மேல் நானும் பெருக்கினேன். ஆக விரல் இரண்டு மடங்கு தாண்டுகிறது. மூன்றாவது மாடிக்கு ஆறாவது பெட்டி. ஏழாவது மாடிக்குப் பதினான்காவது. எட்டாவது மாடிக்கு வரிசையே முடிந்து அடுத்த வீட்டுக்குள் போய்விடுகிறது.

சி மொழி தடுக்காது. 'இது உன் பெட்டி இல்லையே' என்று ஒரு வார்த்தை கேட்காது.

கீழ் மாடிகளில் எல்லாத் திருத்தமும் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான், மாறிப் போனாலும் யாருக்கும் தெரியாது. அடுத்த வீடு பல வருடம் காலியாக இருந்தது, அதனால் எட்டாவது மாடிக்குப் பூஜ்யம் வந்தது, அதுவும் தெரியவில்லை. ஷம்ஷாத் பயணக் கணக்கு எழுதியபோது, எதை எந்தப் பெட்டியில் வைப்பது என்று முடிவு செய்யும் கம்பைலர் அதை அந்தக் காலி இடத்தில் குடிவைத்தது. நான் எழுதியபோதும் அங்கேயே வைத்தது. அதில் முதல் எண் தரைத்தளத்தின் கணக்கு. கீழே லிப்ட் பத்து முறை நின்றால் எட்டாவது மாடியில் அது ஒரு மில்லிமீட்டர் இறங்கும். ஒன்பதுக்கும் பத்துக்கும் இரண்டாவது, நான்காவது மாடிகளின் கணக்கு, அங்கே லிப்ட் கொஞ்சம்தான் நிற்கும், அதனால் யாருக்கும் தெரியவில்லை. பால்காரர், பேப்பர்காரர், இயலினி, எல்லோரும் சேர்ந்து ஒன்பது நாளில் ருக்மணி அக்காவின் காலடியில் முப்பத்து ஆறு மில்லிமீட்டர் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள். மண்வெட்டியைக் கொடுத்தவன் நான்.

ஷம்ஷாத் எழுதியதில் ஒரு தப்பும் இல்லை.

ஜூன் 11, புதன்

கண்டுபிடித்தேன் என்று எழுதிவிட்டு அடித்ததற்குக் காரணம் எழுத வேண்டும்.

அவள் வேலையை விட்டுப் போன அன்று மாலை எனக்கு ஒரு மெயில் அனுப்பினாள். தலைப்பு 'வரி 212'. ரங்கராஜ் சாருக்கு நகல் போடவில்லை, எனக்கு மட்டும். முதல் பத்தியில் நான் நேற்று எழுதிய அத்தனையும் இருந்தது. என்னைவிடச் சுருக்கமாக. குற்றம் சொல்லி ஒரு வார்த்தை இல்லை. 'நீங்கள் பார்த்துச் சரி செய்துவிடுவீர்கள் என்று தெரியும் சார்' என்று அந்தப் பத்தி முடிந்திருந்தது.

படித்தேன். காது சூடானது. மூடிவிட்டேன். நாளை பார்ப்போம் என்று அதற்கு ஒரு நட்சத்திரம் போட்டு வைத்தேன். மறுநாள், கணக்கைத்தான் எடுத்தாயிற்றே, அந்த இடம் காலிதானே, யாருக்கு என்ன கெடுதல் என்று தோன்றியது. அதைத் திருத்தினால் ஏன் திருத்தினாய் என்று கேட்பார்கள். இரண்டு வருடமாக அந்த நட்சத்திரம் மெயில் பெட்டியின் மேலேயே மஞ்சளாக நிற்கிறது.

கணக்கை மறுபடி எழுதச் சொன்னபோது எனக்கு இது ஞாபகம் வரவில்லை என்று சொல்ல ஆசை. வந்தது. கம்பைலர் இந்தத் தடவை வேறு இடத்தில் வைக்கும் என்று நம்பினேன். அப்படி நம்பி ஏற்றிய அன்றிலிருந்து படியேறுகிறேன்.

வெட்கமாக இருக்கிறது. வேறு நல்ல வார்த்தை கிடைக்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

காலையில் ருக்மணி அக்காவைப் பார்க்கப் போனோம். தையல் மிஷின் மேல் உறை போட்டிருந்தது. இடது கையால் காபி ஆற்றிக் கொடுத்தார், தடுத்தும் கேட்கவில்லை.

"எம் மேலதானுங் தப்பு. பாத்து கால வெச்சிருக்கோணும். பராக்குப் பாத்துட்டே எறங்குனேன்" என்றார்.

டம்ளரை நானே கழுவி வைத்தேன்.

வீட்டுக்கு வந்து வளர்மதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தபால்பெட்டி உதாரணமும் சொன்னேன். அவள் அதை உடனே புரிந்துகொண்டாள். ரொம்ப நேரம் பருப்பையே கடைந்துகொண்டிருந்தாள்.

"எட்டுலதான தப்பு? ஆறாவது மாடிக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஆகாது."

"அப்புறம் எதுக்குப் படியேறுனீங்க?"

அவள் மத்தைக் கீழே வைத்தாள். "நம்ம இயலினிக்கு அம்மை போட்டப்ப அந்தப் புள்ள தினம் வேப்பெல கொண்டாந்து குடுத்துட்டுப் போச்சு. அது மொகத்துல எப்படிங்க முழிப்பேன்? நீங்க பண்ணுனதுக்கு நானும் சேந்து தலகுனியோணுமா?" என்றாள்.

ஜூன் 13, வெள்ளி

வெறும் வயிற்றில் 131. ஆச்சரியம்.

படிவத்தைத் திறந்தேன். எட்டுக் கேள்விகள். ஏழாவது: வேலையை விட்டதற்கான காரணம். இரண்டு அங்குலப் பெட்டி. நான் எழுதியது:

'இவர் எழுதிய பகுதியால் லிப்ட்டில் பிழை வந்ததாகக் கருதி இவரை ராஜினாமா செய்ய வைத்தோம். பிழை இவருடையது அல்ல. என்னுடையது. வரி 212, எழுதியவர் குணசீலன். இவர் அதைக் கண்டுபிடித்து எனக்கு எழுதினார். நான் இரண்டு வருடம் மறைத்தேன்.'

அனுப்பிவிட்டு அதன் நகலை எடுத்துக்கொண்டு ரங்கராஜ் சார் அறைக்குப் போனேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார்.

"இத அனுப்பிட்டியா?"

"அனுப்பிட்டேன் சார்."

"எங்கிட்டக் கேக்காமயா?"

"கேட்டா வேண்டாம்பீங்க."

"ஏய்யா, அறிவிருக்கா உனக்கு? எட்டு மாடிக்கு மேல எத்தன பில்டிங்குல நம்ம போர்டு ஓடுது தெரியுமா?"

"அறுபத்தொண்ணு சார். லிஸ்ட் எடுத்துட்டேன்."

கத்தினார். வெளியே டைப் அடிக்கும் சத்தம் நின்றது. பிறகு குரல் இறங்கி, "அந்தப் புள்ள ஒரு வாரம் டைம் கேட்டுச்சுய்யா" என்றார். அதற்குப் பிறகு என்னைப் பார்க்கவில்லை. அறுபத்தொரு கட்டடத்துக்கும் நீயே போய் ஏற்று, மற்றதை அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றார். மற்றது என்றால் என் வேலை. போனால் போகட்டும் என்று எழுதத் துணிவில்லை. பயமாகத்தான் இருக்கிறது.

ஷம்ஷாத்துக்கு ஒரு செய்தி அனுப்பினேன். நடந்ததைச் சொல்லி, மன்னிக்கக் கேட்டு. பார்த்துவிட்டாள் என்று நீலக்கோடு வந்தது. பதில் இல்லை.

ஜூன் 14, சனி

வரி 212இல் 'இரண்டால் பெருக்கு' என்பதை அழித்தேன். சி மொழியில் அது மூன்று எழுத்து கூட இல்லை. ஆபீசில் சோதனை போர்டில் பதினாறு மாடிக்கும் ஓட்டினேன். எல்லாம் சரி.

பதில் இல்லை.

ஜூன் 16, திங்கள்

128. நோட்டு கொடுத்த டாக்டருக்கு இன்னொரு தகவல்: இன்று நடை, எட்டு மாடி இறக்கம்.

காலை எட்டரைக்கு நம் லிப்ட்டில் புதுப் புரோகிராமை ஏற்றினேன். பயணக் கணக்கோடு சேர்த்துத்தான். தங்கவேலு ஸ்கேலோடு எட்டாவது மாடியில் நின்றார். ருக்மணி அக்கா கட்டுப்போட்ட கையோடு கீழே வந்து, "நானும் வர்றேனுங், நீங்க இருக்கறப்ப பயமில்ல" என்றார். இந்த வாக்கியத்துக்கு நான் தகுதியில்லை என்று சொல்லவும் முடியவில்லை. முந்தின நாளே அவரிடம் உண்மையைச் சொல்லியிருந்தேன். 'அப்படீங்களா' என்று மட்டும் கேட்டுக்கொண்டார், பாயிண்டர் அவருக்குப் புரியவில்லை, கை வலிப்பது மட்டும் புரிகிறது.

இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது நான் லிப்ட்டில் ஏறி. ஆறு, ஏழு, எட்டு. கதவு திறந்தது. தங்கவேலு குனிந்து ஸ்கேலை வைத்தார்.

"பூஜ்யம் சார். ஒரு மயிரெழ கூட இல்ல."

அக்கா காலை எடுத்து வைத்து வெளியே போனார். அப்போதுதான் போன் அடித்தது. ஷம்ஷாத் எழுதியிருந்தாள்:

'சார், வேலை உறுதி ஆயிடுச்சு. நீங்க எழுதினத ஹெச்.ஆர். காட்டுனாங்க. ரெண்டு நாள் என்ன பதில் சொல்றதுன்னு தெரியல. இப்பவும் தெரியல. மன்னிச்சுட்டேன்னு சொல்ல வரல சார், கொஞ்ச நாள் ஆகட்டும். ஒண்ணு மட்டும் கேக்கணும். என் மெயில்ல ரெண்டாவது பத்தியில சொன்னதையும் சரி பண்ணிட்டீங்கள்ல?'

இரண்டாவது பத்தி.

அங்கேயே நின்று மெயிலைத் திறந்தேன். நட்சத்திரம், வரி 212, நான் மனப்பாடமாக வைத்திருக்கும் முதல் பத்தி. விரலால் மேலே தள்ளினேன். கீழே இன்னொரு பத்தி இருந்தது. இரண்டு வருடத்தில் நான் அதைப் பார்த்ததே இல்லை. முதல் பத்தியிலேயே என் தப்பைப் படித்துவிட்ட பிறகு அதற்குக் கீழே படிக்க எனக்கு என்ன இருந்தது? என்னைப் பற்றி இல்லாத எதையும் அன்று நான் படிக்கத் தயாராக இல்லை.

'இதே பிழை வரி 340இலும் இருக்கிறது சார். கரண்ட் போனால் பேட்டரியில் லிப்ட் பக்கத்து மாடிக்கு இறங்கும் இடம். எட்டிலிருந்து மேலே அதுவும் வரிசைக்கு வெளியே படிக்கிறது. அங்கே என்ன எண் இருக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டு மாடிக்கு நடுவே கதவு திறக்கலாம். முதலில் இதைப் பாருங்கள். அது கால் தடுக்குவது, இது ஆள் விழுவது.'

ஒரு வரியைத் திருத்திவிட்டுப் பெரிய மனிதனாகி லிப்ட்டில் ஏறி வந்திருக்கிறேன். வெளியே ஆனிக் காற்று ஜன்னல்களை அடித்துக்கொண்டிருந்தது. இந்தக் காற்றில் தினம் நான்கு தடவை கரண்ட் போகிறது.

"தங்கவேலு, பேட்டரியயும் மெயின் சுவிட்சயும் ஆப் பண்ணுங்க. யாரையும் ஏத்தாதீங்க."

"சரியாத்தானங் நிக்குது?"

"ஆப் பண்ணுங்க."

ரங்கராஜ் சாருக்கு அழைத்து, அறுபத்தொரு கட்டடத்திலும் லிப்ட்டை இப்போதே நிறுத்தச் சொன்னேன். ஏன் என்றார். ஷம்ஷாத் சொல்லியிருக்கிறாள் என்றேன். இந்தத் தடவை அவர் சாட்சி கேட்கவில்லை.

பிறகு அவளுக்குப் பதில் எழுதினேன். 'இல்லை. இப்போதுதான் படித்தேன்.'

உடனே அழைத்தாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவள் குரல். நலம் விசாரிக்கவில்லை, நானும் விசாரிக்கவில்லை. "லேப்டாப் திறங்க சார். 340க்குப் போங்க. நான் லைன்லயே இருக்கேன்" என்றாள்.

லேப்டாப் கீழே இருந்தது. போனைக் காதில் வைத்துக்கொண்டு படியில் இறங்கினேன்.